ட்ரெய்லரைப் பார்த்து வாங்கினேன், டைமரைப் பார்த்து வாங்கினேன்: தவறு யாருடையது?

கேள்வி:

எனக்கு 26 வயது. வேலைக்குப் போகிறேன். பெரிய நிறுவனம் ஒன்றின் கேமை, வெளிவர ஐந்து மாதம் இருக்கும்போதே, ட்ரெய்லரை மட்டும் நம்பி ப்ரீ-ஆர்டர் செய்தேன். வந்தது வேறு. ஆடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகிறது. ட்ரெய்லரில் பார்த்த நகரம் பாதிகூடக் கேமில் இல்லை. அந்தக் கடுப்பில் போனில் ஒரு இலவச கேமுக்கு மாறினேன். முதலில் ஒரு சின்ன ஸ்டார்ட்டர் பேக் வாங்கினேன், அவ்வளவுதான். எட்டு மாதம் கழித்து கார்டு கணக்கைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியிருக்கிறது. ஒவ்வொன்றும் சின்னச் சின்னத் தொகைதான். 13 வயதுத் தம்பியும் அதே கேமை ஆடுகிறான். நல்ல ஸ்கின் (கதாபாத்திரத்துக்குப் போடும் உடை, தோற்றம்) இல்லை என்று கூட ஆடுகிறவர்கள் கிண்டல் செய்கிறார்களாம். "அண்ணா, ஈவென்ட் முடிய ரெண்டு மணி நேரம்தான் இருக்கு" என்று வந்து நிற்கிறான். மறுக்க முடிவதில்லை. இது என் பலவீனமா, அவர்கள் செய்யும் வேலையா? கேம் ஆடுவதையே விட்டுவிட வேண்டுமா? கேமுக்குள் இருக்கும் கடையின் ஸ்க்ரீன்ஷாட்டையும் அனுப்பியிருக்கிறேன்.

பெயர் வேண்டாம்

பதில்:

வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கேமை விட வேண்டாம். சிறு வயதிலிருந்து பிடித்த ஒன்றை, அதற்குள் திறந்து வைத்திருக்கும் கடைக்குப் பயந்து விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கடையை எப்படிக் கட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும். பல ஆண்டுகளாகக் கேம் தயாரிப்புக் குழுக்களில் அந்தப் பக்கத்து மேசையில்தான் எனக்கு வேலை: எந்தப் பொருளுக்கு என்ன விலை, எந்த ஈவென்ட் (கேமுக்குள் குறிப்பிட்ட காலம் மட்டும் நடக்கும் சிறப்பு நிகழ்வு) எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும் என்று திட்டமிடும் மேசை.

பலவீனமா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இரண்டு விதமான செலவு இருக்கிறது. ஒன்றில், பொருள் வருவதற்கு ஐந்து மாதம் முன்பே பணம் கொடுத்தீர்கள். இன்னொன்றில், இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்று கொடுத்தீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நேரெதிர். ஆனால் இரண்டிலுமே எப்போது முடிவெடுப்பது என்பதை விற்பவர்தான் குறித்தார். முதலாவதில், கேமைப் பற்றி உருப்படியான தகவல் எதுவும் வருவதற்கு முன்பு. இரண்டாவதில், ஆற அமர யோசிக்க நேரம் கிடைப்பதற்கு முன்பு. இந்தத் துறையின் விற்பனை உத்திகளில் பெரும்பாலானவற்றைப் பிரித்துப் பார்த்தால் அடியில் இந்த ஒரு வேலைதான் நடக்கிறது. மன உறுதி உள்ளவர்களும் இதில் விழுவார்கள், ஏனென்றால் மன உறுதி வேலை செய்வதற்குள் பட்டனை அழுத்தியாகிவிடும்.

ப்ரீ-ஆர்டர் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது பாதி முடிந்துபோன கதை. கேமைப் பெட்டியில் வைத்து விற்ற காலத்தில், முதல் நாளே தீர்ந்துவிடும் என்ற பயத்துக்கு ஒரு பொருள் இருந்தது. டவுன்லோடு எங்கே தீரப்போகிறது? அதனால்தான் இப்போது "முன்கூட்டி வாங்கினால் மட்டும் ஒரு வாள், ஒரு உடை" என்று ஏதாவது சேர்க்கிறார்கள். இல்லாத தட்டுப்பாட்டை இப்படித்தான் உண்டாக்க முடியும்.

ட்ரெய்லர் பொய் சொன்னதா என்றால், பல நேரங்களில் அது கேமே அல்ல. கண்காட்சிக்காக ஒரு பத்து நிமிடப் பகுதியை மட்டும் தனியாகச் செதுக்குவார்கள். சக்திவாய்ந்த கணினியில் ஓட்டி, ஒவ்வொரு அசைவையும் ஒத்திகை பார்த்துப் பதிவு செய்வார்கள். மீதி கேம் அந்த நேரத்தில் துண்டு துண்டாகக் கிடக்கும். 2013-இல் வந்த "ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ்" கேமில் இது வெட்டவெளிச்சமானது. செயல்விளக்கத்தில் காட்டியதும் விற்றதும் ஒத்துப்போகவில்லை என்று பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையத்துக்குப் புகார் போனது. ட்ரெய்லர்கள் இறுதி வடிவத்தைச் சரியாகக் காட்டவில்லை என்பதை அந்தக் கேமை வெளியிட்ட செகா நிறுவனம் ஏற்றுக்கொண்டு, அவற்றில் அறிவிப்பு சேர்க்க ஒப்புக்கொண்டது. போன் கேம் விளம்பரங்களும் இதே ரகம்தான். "ஹோம்ஸ்கேப்ஸ்", "கார்டன்ஸ்கேப்ஸ்" விளம்பரங்களில் ஆணியை உருவிப் புதிர் போடுவார்களே, உண்மையான கேமில் அது பெரும்பாலும் கிடையாது. அந்த விளம்பரங்களை 2020-இல் அதே ஆணையம் தடுத்தது.

ட்ரெய்லரைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை: விமர்சனம் வெளியாகும் நேரம். விமர்சகர்களுக்குக் கேமை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, இந்த நாள் இந்த நேரம் வரை வாய் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போடுவார்கள். அதில் தவறில்லை, நிதானமாக ஆடிப்பார்த்து எழுத அது உதவும். அந்த நேரத்தை எங்கே வைக்கிறார்கள், எந்த வடிவத்தைக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். 2020 டிசம்பர் 10 அன்று "சைபர்பங்க் 2077" வந்தபோது, வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது கணினி வடிவம் மட்டும். வீடியோ விமர்சனங்களில் நிறுவனம் கொடுத்த காட்சிகளையே பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை. பழைய ப்ளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளில் அது எப்படித் தடுமாறுகிறது என்பது வாங்கியவர்கள் சொல்லித்தான் வெளியே தெரிந்தது. அதற்குள் 80 லட்சம் ப்ரீ-ஆர்டர்கள் முடிந்திருந்தன. ஒரே வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்து அந்தக் கேமை எடுத்தது, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பியது. 2021 ஜூனில்தான் அது கடைக்குத் திரும்பியது. பின்னால் வந்த அப்டேட்களில், குறிப்பாக 2023 செப்டம்பரில் வந்ததில், கேம் நிஜமாகவே நன்றாக ஆகிவிட்டது. பொறுத்திருந்தவர்கள் நல்ல வடிவத்தைக் குறைந்த விலைக்கு வாங்கினார்கள். முதல் நாள் முழு விலை கொடுத்த ரசிகர்கள் சோதனை ஓட்டத்துக்கு ஆளானார்கள்.

எனவே இந்த வகைச் செலவுக்கு என் யோசனை எளிது. உங்கள் கருவியில், உங்களைப் போன்ற ஒருவர் ஆடிய வெட்டாத அரை மணி நேர வீடியோ வந்த பிறகு வாங்குங்கள். இனி எப்போதாவது ஆசை மிஞ்சி ப்ரீ-ஆர்டர் செய்தே விட்டீர்கள் என்றால், ஸ்டீம் என்ற கணினி கேம் ஆன்லைன் கடையில் வெளியீட்டுக்கு முன் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். வெளியான பிறகு 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். 2015 முதல் இருக்கும் விதி இது. மற்ற கடைகளின் விதிகள் வேறு வேறு, வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

இனி அந்த இலவச கேம். விஷயம் இங்கேதான் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்துக்கொள்வோம். மேலே சிவப்பில் ஓடும் டைமர். நடுவில் ஒரு ஸ்கின், விலை 1,350 டைமண்ட் (பணம் கொடுத்து வாங்கும், அந்தக் கேமுக்குள் மட்டும் செல்லும் காசு). கீழே டைமண்ட் பேக்குகள்: 600, 1,200, 2,600. 2,600-இன் மேல் மட்டும் "அதிக மதிப்பு" என்று ஒரு பட்டை. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,200 வாங்கினால் 150 குறையும். அந்த 150-க்காக இன்னொரு 600 வாங்க வேண்டும், ஸ்கின் போக 450 மிஞ்சும். அதற்கு 2,600-ஐயே வாங்கிவிடலாமே என்று தோன்றும், அந்தப் பட்டையும் அதைத்தான் சொல்கிறது. வாங்கினால் ஸ்கின் போக 1,250 மிஞ்சும். அடுத்த ஸ்கினுக்குச் சரியாக 100 குறைகிறது. இது தற்செயலாக அமைந்த எண் அல்ல. பேக்கின் அளவையும் பொருளின் விலையையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். கணக்கில் எப்போதும் கொஞ்சம் மிஞ்ச வேண்டும், ஆனால் எதற்கும் போதக் கூடாது. மிச்சம் வீணாகிறதே என்ற உறுத்தல்தான் அடுத்த டாப்-அப்பைக் கொண்டுவரும்.

அசல் பணத்தை டைமண்டாக மாற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாற்றிய நிமிடமே விலை மறந்துபோகிறது. "1,350 டைமண்ட்" என்பதைப் பார்த்ததும் அது உங்கள் எத்தனை மணி நேரச் சம்பளம் என்று மனம் கணக்கிடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் 2025 மார்ச்சில் இதைக் குறிவைத்தே நெறிமுறைகளை வெளியிட்டன. கேமுக்குள் விற்கும் பொருளின் விலையை உண்மையான பணத்திலும் காட்ட வேண்டும், தேவைக்கு மேல் டைமண்ட் வாங்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை.

அந்த ஸ்டார்ட்டர் பேக்கைப் பற்றி "அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்ட இடம் அதுதான். அந்தப் பேக்கில் நிறுவனத்துக்கு லாபம் பெரிதாக இருக்காது, அள்ளிக் கொடுத்திருப்பார்கள். அதன் வேலை வேறு. உங்கள் கார்டு கணக்கோடு இணைந்துவிடுகிறது. இதுவரை பணமே கொடுக்காதவர் என்ற பட்டியலிலிருந்து கொடுப்பவர் என்ற பட்டியலுக்கு நீங்கள் மாறிவிடுகிறீர்கள். பல கேம்களில் அதற்குப் பிறகு உங்களுக்குத் தெரியும் கடையே வேறு. எந்த விலையில் வாங்கினீர்கள், எத்தனை நாள் இடைவெளியில் வாங்கினீர்கள், தோற்ற பிறகு வாங்கினீர்களா ஜெயித்த பிறகா என்பதைப் பார்த்துத்தான் அடுத்த ஆஃபர் வரும். மூன்று முறை ஒரே லெவலில் தோற்றதும் திரையில் பளிச்சென்று "உங்களுக்காக மட்டும்" ஒரு பேக் வருமே, அதை வைத்தவருக்கு நீங்கள் தோற்றது தெரியும். இலவச கேம் ஆடுபவர்களில் மிகப் பெரும்பாலானோர் கடைசிவரை பணமே கொடுப்பதில்லை. கொடுக்கும் சிறு பங்கினரிலும் ஒரு கைப்பிடி ஆட்கள்தான் வருமானத்தின் பெரும்பகுதி. அவர்களைத் துறைக்குள் "திமிங்கிலம்" என்பார்கள். கூட்டங்களில் இந்தச் சொல் வெகு சாதாரணமாகப் புழங்கும். எனக்குக் கடைசிவரை பழகாத சொல் அது.

டைமருக்கு வருவோம். "இன்னும் இரண்டு மணி நேரம்" என்பது உண்மையா? சில ஈவென்ட்களில் உண்மை. பலவற்றில் அதே பொருள் மூன்று மாதத்திலோ ஆறு மாதத்திலோ வேறு பெயருள்ள ஈவென்ட்டில் திரும்ப வரும். உங்கள் கேமின் பழைய ஈவென்ட் பட்டியலை ஆடுகிறவர்களே எங்காவது தொகுத்து வைத்திருப்பார்கள், தேடிப் பாருங்கள். "இனி வரவே வராது" என்று சொன்னவற்றில் எத்தனை திரும்பி வந்திருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிவிட்டால், அடுத்த டைமர் ஓடும்போது நெஞ்சு அவ்வளவு படபடக்காது.

லூட் பாக்ஸ், ஸ்பின், காச்சா என்று எந்தப் பெயரில் வந்தாலும், என்ன கிடைக்கும் என்று தெரியாமல் பணம் கொடுக்க வைக்கும் முறைகளைப் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. ஸ்கின்னை ஸ்கின்னாக விற்பதில் எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. பிடித்தால் வாங்கலாம், பிடிக்காவிட்டால் விடலாம். பேட்டில் பாஸ் (ஒருமுறை பணம் கட்டிவிட்டு, ஆட ஆடப் பரிசுகளைப் பெறும் சீட்டு) கூடப் பரவாயில்லை, என்ன கிடைக்கும் என்பது முன்பே தெரியும் (ஆனால் அதை முடிப்பதற்காகவே தினமும் உட்கார வேண்டியிருக்கும், அது வேறு தொல்லை). வாய்ப்பை விற்பது மட்டும் எனக்கு ஒப்பவில்லை.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு பொருள் விழும் வாய்ப்பு 1 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். நூறு முறை சுற்றினால் ஒருமுறை விழுந்துவிடும் என்று நம் மனம் தானாகவே எடுத்துக்கொள்ளும். உண்மையில், 100 பேர் ஆளுக்கு நூறு முறை சுற்றினால் சுமார் 37 பேருக்கு ஒன்றுகூட விழாது. அந்த 37 பேர் என்ன செய்வார்கள்? இவ்வளவு போட்டாகிவிட்டது, இனி விட்டால் நஷ்டம் என்று தொடர்வார்கள். இதைச் சமாளிக்கத்தான் பல கேம்கள் "இத்தனையாவது சுற்றில் உறுதி" என்று ஓர் உச்சவரம்பு வைக்கின்றன. "கென்ஷின் இம்பாக்ட்" கேமில் மிக அரிதான ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரத்துக்கு ஒரு சுற்றின் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், 90-வது சுற்றில் ஐந்து நட்சத்திரம் உறுதி. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அப்படி விழுவது நீங்கள் விரும்பிய கதாபாத்திரமாகத்தான் இருக்கும் என்பதில்லை. வேறொன்று விழுந்தால் மறுபடி எண்ண வேண்டும், ஆக மோசமான நிலையில் 180 சுற்று. எண்ணிக்கை 70, 75 என்று ஏறும்போது நிறுத்துகிறவர் யார்?

அந்தக் கேமை வெளியிடும் நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்து, 2025 ஜனவரியில் 2 கோடி டாலர் அபராதத்துடன் உடன்பாடு வந்தது. 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதமின்றி லூட் பாக்ஸ் விற்கக் கூடாது என்பதும் அதில் ஒரு நிபந்தனை. பெல்ஜியம் 2018-லேயே பணம் கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸை அனுமதியில்லாத சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு டேவிட் செண்டில், பால் கெய்ர்ன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 7,000-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களிடம் எடுத்த ஆய்வில், சூதாட்டச் சிக்கல் அதிகம் உள்ளவர்கள் லூட் பாக்ஸுக்கும் அதிகம் செலவழிப்பது தெரிந்தது. லூட் பாக்ஸ்தான் அவர்களை அப்படி ஆக்கியது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. ஏற்கனவே தத்தளிப்பவர்களிடமிருந்து அதிகம் கறக்கிறது என்பதே போதுமான கவலை.

வாய்ப்பு விகிதத்தை வெளியிட்டுவிட்டால் சரியாகிவிடுமா? வெளியிடுவது அவசியம். சீனா 2017 முதலும் தென் கொரியா 2024 மார்ச் முதலும் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. கொரியாவில் சட்டம் வரக் காரணமானவற்றில் "மேப்பிள்ஸ்டோரி" என்ற கேமின் விவகாரம் ஒன்று. அதில் ஆயுதம், கவசம் போன்றவற்றின் திறனைக் குலுக்கல் முறையில் மாற்றும் "க்யூப்" ஒன்றை விற்றார்கள். எல்லாரும் விரும்பிய திறன்கள் விழும் வாய்ப்பைச் சொல்லாமலேயே குறைத்தார்கள். சில திறன்கள் ஒன்றாகச் சேர்ந்து விழும் வாய்ப்பு 2011 முதல் 2021 வரை பூஜ்யம். விழவே விழாத ஒன்றுக்காகப் பத்து ஆண்டுகள் ஆட்கள் பணம் கட்டியிருக்கிறார்கள். அந்நாட்டு நியாய வர்த்தக ஆணையம் அந்தக் கேமை நடத்தும் நெக்ஸான் நிறுவனத்துக்கு 2024 ஜனவரியில் சுமார் 1,160 கோடி வோன் அபராதம் விதித்தது.

பட்டனைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஃபோர்ட்நைட்" விஷயத்தில் எபிக் கேம்ஸ் மீது அதே அமெரிக்க ஆணையம் 2022 டிசம்பரில் சொன்ன குற்றச்சாட்டுகளைப் படித்தால் நான் சொல்லவருவது புரியும். தூக்க நிலையில் இருந்த கேமை எழுப்ப ஒரு பட்டனை அழுத்தினால் ஏதோ வாங்கியதாகிவிட்டது. லோடிங் திரையில் அழுத்தினாலும் அப்படியே. ஒரு பொருளை முன்னோட்டம் பார்க்கப் போய்ப் பக்கத்துப் பட்டனைத் தொட்டவர்களுக்கும் பணம் போனது. வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்டவர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர நிறுவனம் 24.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. வாங்குவது ஒரே தொடுதல், திரும்பப் பெறுவது ஆறு திரை தாண்டி ஏதோ ஒரு மூலையில். இந்த ஏற்றத்தாழ்வை எந்தக் கேமில் பார்த்தாலும் எச்சரிக்கையாக இருங்கள்.

இப்போது தம்பி. அவனுக்குத் தேவைப்படுவது துணி போட்ட பொம்மை அல்ல, கூட ஆடுகிறவர்கள் மத்தியில் ஒரு மரியாதை. ஃபோர்ட்நைட் பரவிய காலத்தில், ஸ்கின் வாங்காத பிள்ளைகளை "டிஃபால்ட்" (கேமோடு இலவசமாக வரும் சாதாரணத் தோற்றம்) என்று கூப்பிடுவது வசையாகவே ஆகிப்போனது. இது விற்பவர்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. புதிதாக ஆடுகிறவரை, விலையுயர்ந்த ஆயுதம் வைத்திருக்கும் தேர்ந்த ஆட்டக்காரரோடு கோத்துவிட்டால் இவருக்கும் அதை வாங்கத் தோன்றும் என்ற யோசனைக்கு 2017-இல் ஆக்டிவிஷன் நிறுவனம் காப்புரிமையே பெற்றது. எந்தக் கேமிலும் அதைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. அப்படியே இருக்கட்டும். பொறாமையை ஒரு கருவியாகத் துறை எவ்வளவு தெளிவாகப் புரிந்துவைத்திருக்கிறது என்பதற்கு அந்தக் காகிதமே போதும்.

அவன் பார்க்கும் ஸ்ட்ரீமர்களையும் கணக்கில் எடுங்கள். ஒருவர் நூறு ஸ்பின் சுற்றிக் கத்தி ஆர்ப்பரிக்கும் வீடியோவில், அந்த டைமண்ட் யார் காசில் வந்தது என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். 2014-இல் "மிடில்-எர்த்: ஷேடோ ஆஃப் மோர்டார்" கேமுக்காகப் பிரபல யூட்யூபர்களுக்குப் பணம் கொடுத்துப் புகழ வைத்ததை, பார்ப்பவர்களுக்குச் சரிவரத் தெரிவிக்காததற்காக வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 2016-இல் அமெரிக்க ஆணையத்துடன் உடன்பாடு செய்துகொள்ள நேர்ந்தது. "ஸ்பான்சர்டு" என்ற வரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதை இருவரும் சேர்ந்து ஒரு விளையாட்டாகவே செய்யலாம்.

டைமர் ஓடும்போது அவனிடம் வாதம் செய்யாதீர்கள், ஜெயிக்க மாட்டீர்கள். அடுத்த ஈவென்ட் தொடங்குவதற்கு முன்பே, சும்மா இருக்கும் ஒரு நாளில் பேசுங்கள். மாதம் இவ்வளவு, அது அவன் கையில், எப்படிச் செலவழித்தாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை, தீர்ந்தால் அடுத்த மாதம்தான் என்று முடிவாகச் சொல்லிவிடுங்கள். ஸ்பின்னுக்கு மட்டும் அந்தப் பணம் இல்லை என்று ஒரு நிபந்தனை வையுங்கள். அந்த 1 சதவீதக் கணக்கை அவனையே போடச் சொல்லுங்கள். 13 வயதுப் பையனுக்கு, தன்னை யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் வரும் கோபம், அண்ணனின் அறிவுரையைவிட நன்றாக வேலை செய்யும். அவன் உங்கள் கணக்கில் ஆடக் கூடாது. வயதைச் சரியாகக் கொடுத்துத் தனிக் கணக்கு தொடங்குங்கள். ஆப்பிள், கூகுள் இரண்டிலும் குடும்பக் கணக்கில், பிள்ளை வாங்க முயன்றால் பெரியவர்களின் போனுக்கு அனுமதி கேட்டு வரும் வசதி இருக்கிறது. அதை அம்மா அப்பாவின் போனோடு இணைப்பது நல்லது, பாசத்தில் நீங்கள் அழுத்திவிடுவீர்கள் என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

உங்களுக்கு: இன்றைக்கே கேம் கணக்கிலிருந்தும் ஆப் ஸ்டோரிலிருந்தும் கார்டை எடுத்துவிடுங்கள். மாதத் தொடக்கத்தில், கேம் திறந்திராத நேரத்தில், இவ்வளவுதான் என்று முடிவுசெய்த தொகைக்கு ஒரு கிஃப்ட் கார்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கார்டு எண்ணை ஒவ்வொரு முறையும் கையால் அடிக்க வேண்டிய அந்த இரண்டு நிமிடம் எத்தனையோ டாப்-அப்களைத் தடுத்துவிடும். கேமின் நோட்டிஃபிகேஷன் அனைத்தையும் நிறுத்துங்கள். டைமர் ஓடும் எதையும் அன்றைக்கே வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டால், பாதி ஈவென்ட் அதுவாகவே கழிந்துவிடும். மிஞ்சியிருக்கும் டைமண்டை அப்படியே விடுங்கள். அந்தப் பணம் வாங்கிய அன்றைக்கே போய்விட்டது, அதைக் காப்பாற்றப் போய் இன்னும் கொடுக்க வேண்டாம்.

ஆட்டக்காரர்கள் வாய் திறந்தாலும் எதுவும் மாறாது என்று நினைக்காதீர்கள். 2017 நவம்பரில் "ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2" வந்தபோது எழுந்த எதிர்ப்பில், வெளியீட்டுக்குச் சில மணி நேரம் முன்பு அதை வெளியிட்ட இஏ நிறுவனம் கேமுக்குள் பணத்துக்கு விற்பதையே நிறுத்திவைத்தது. ஒரு பொருள் பிடிக்கவில்லை என்பதை விமர்சனத்தில் எழுதுங்கள், எத்தனை நட்சத்திரம் விழுகிறது என்பதைக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

ஒன்றை மட்டும் நீங்களே சோதித்துக்கொள்ள வேண்டும். நான் மனநல மருத்துவர் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். செலவை வீட்டில் மறைக்கிறீர்களா? இனி இல்லை என்று முடிவெடுத்த அதே வாரத்தில் மறுபடி சுற்றினீர்களா? போனதை மீட்க இன்னும் போட்டீர்களா, அதற்காகக் கடன் வாங்கினீர்களா? தூக்கமும் வேலையும் கெடுவது தெரிந்தும் நிறுத்த முடியவில்லையா? இவற்றில் ஒன்றிரண்டுக்கு ஆமாம் என்றால் மேலே சொன்ன கார்டு, டைமர் யோசனைகள் போதாது. மனநல ஆலோசகர் ஒருவரை, முடிந்தால் சூதாட்டப் பழக்கத்துக்குச் சிகிச்சை தருபவரை, பாருங்கள். கேம் ஆடுவதில் கட்டுப்பாடு இழப்பதை உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் 2019-இல் சேர்த்திருக்கிறது, எனவே உங்களை யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். கடிதத்தைப் படித்த வரையில் நீங்கள் அந்தக் கட்டத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கணக்கைக் கூட்டிப் பார்த்ததே நல்ல அறிகுறி.

ஏற்கனவே போன பணத்தில் ஏதாவது திரும்புமா என்றால், கடைசி ஓரிரு வாரத்துச் செலவுக்கு மட்டும் முயன்று பாருங்கள். முதலில் ஆப் ஸ்டோரின் ரீஃபண்ட் பக்கத்தில் கேளுங்கள். வாங்கிய தேதி, ரசீது எண், தம்பி தெரியாமல் அழுத்தியது ஏதாவது இருந்தால் அந்த விவரம், இந்த மூன்றையும் சுருக்கமாக எழுதுங்கள். மறுத்தால் கேம் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு அதையே அனுப்புங்கள். வங்கியிடம் போவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அந்த வழியில் போனால் கேம் கணக்கு முடங்க வாய்ப்பிருக்கிறது. தம்பியின் கணக்கைப் பிரித்துவிட்டு அதைச் செய்யுங்கள்.